புறாத்தீவுக்கு மாணவர் குழுவோடு: கடலுக்கடியில் நிறைவு, கயாக்கில் குறை

திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கடற்கரையில் இயங்கும் சிறிய கடற்சுற்றுலாச் சேவையொன்று மாணவர் குழுக்களுக்கென அரைநாள் பயணம் ஒன்றை ஒழுங்குசெய்து தருகிறது. காலையில் புறாத்தீவில் ஸ்நோர்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), கரை திரும்பியதும் கயாக் எனும் சிறு துடுப்புப் படகு ஓட்டம், அதன்பின் மதியச் சாப்பாடு என்பது அவர்களுடைய நிரல். எங்கள் பல்கலைக்கழக மாணவர் குழுவோடு ஆனி மாதத்தில் சென்று வந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். குழுவில் பாதிப் பேருக்கு மேல் நீந்தத் தெரியாது. கடற்காற்றில் வளர்ந்தும் நீச்சல் பழகாதவர்கள் திருகோணமலையில் நிறையவே இருக்கிறார்கள். ஆகவே உபகரணங்கள் புதியனவா பழையனவா என்பதைவிட, நீச்சல் தெரியாதவரை இவர்கள் தண்ணீரில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதலில் பணக்கணக்கு. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அதனால் தீவுக்குள் நுழைவதற்கான அனுமதிச்சீட்டை வனஜீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் தனியாக எடுக்க வேண்டும். படகுக்காரரிடம் கொடுப்பது படகுக்கும் உபகரணங்களுக்கும் வழிகாட்டிக்கும் மட்டுமே. தொலைபேசியில் பேசியபோது இந்த வேறுபாட்டை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட வேண்டிய நேரத்தில் வரிசையில் நின்று காசு சேர்க்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவருக்கானதைவிடப் பல மடங்கு என்பதால், குழுவில் வெளிநாட்டு மாணவர் எவரும் இருந்தால் இதை முன்கூட்டியே கணக்கில் எடுப்பது நல்லது. தேசிய அடையாள அட்டையையும் மறக்கக் கூடாது.

கரையிலிருந்து தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம்தான். எஞ்சின் படகு சில நிமிடங்களில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மாடப்புறாக்கள் கூடு கட்டும் பாறைகளால் பெயர் பெற்ற இந்தத் தீவைக் குடியேற்றக் காலத்தில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்பதை எங்கள் வழிகாட்டிதான் போகிற போக்கில் சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் இப்போது ஒரு கல்லைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது.

பயணத்தின் சிறந்த பகுதி இங்கேதான் தொடங்கியது. வழிகாட்டி எவரையும் நேராக முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் கொண்டுபோகவில்லை. இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில் எல்லோரையும் முழங்காலிட வைத்து, முகமூடியை அணிந்து வாயால் மூச்சு விடுவதை மட்டும் நெடுநேரம் பழக்கினார். பட்டி கட்டுவதற்கு முன் முகமூடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சி, கையை எடுத்த பின்னும் அது ஒட்டி நிற்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்த்தார். பர்தா அணிந்திருந்த மாணவிகளுக்குத்தான் தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்தது. துணியின் விளிம்பு ரப்பருக்கும் நெற்றிக்கும் இடையில் மாட்டிக்கொண்டால் எந்த முகமூடியும் ஒழுகத்தான் செய்யும். “தங்கச்சி, துணியை ஒரு விரலளவு பின்னுக்கு எடுங்கோ, ரப்பர் தோலில பிடிக்கோணும், பட்டி துணிக்கு மேலால போகட்டும்” என்று கையால் தொடாமல், தன் முகத்திலேயே செய்து காட்டி அவர் விளக்கிய விதம் அந்த மாணவிகளின் தயக்கத்தைப் பாதியாகக் குறைத்தது. மீசை வைத்திருந்த தம்பிமாருக்கும் இதே சிக்கல். அவர்களுக்கு மேலுதட்டில் கொஞ்சம் வாசலீன் கிடைத்தது.

அதன்பின் நீந்தத் தெரியாதவர்களை நால்வர் நால்வராக, உயிர்காப்பு அங்கியோடு ஒரு மிதவை வளையத்தைப் பிடிக்க வைத்து, கயிற்றால் இழுத்துக்கொண்டு போனார். காலில் அணியும் துடுப்புகளைப் புதியவர்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அது சரியான முடிவு, ஏனெனில் ஆழம் குறைந்த இடத்தில் பதற்றத்தில் காலை உதைப்பவர் முதலில் உடைப்பது முருகையைத்தான். தலையைத் தண்ணீருக்குள் வைத்த கணத்தில் வெளிச் சத்தமெல்லாம் நின்று, கிளிமீன்கள் முருகையைக் கடிக்கும் கறுமுறு ஓசை தெளிவாகக் கேட்டது. மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகளுக்குள் சிறு மீன்கள் கூட்டமாகப் புகுந்து வெளிவந்தன. தீவின் மறுபக்கத்தில், துடுப்பு நுனி கறுத்த சுறாக்குட்டிகள் முழங்காலளவு நீரில் சுற்றுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஆட்களைக் கண்டால் விலகிப் போகிறவை அவை. ஆனாலும் ‘சுறா’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் துணிச்சல்காரர்களில் சிலர் படகுக்குக் காவலிருக்க முன்வந்தார்கள்.

கரையை ஒட்டிய பகுதியில் உடைந்து வெளுத்த முருகைத் துண்டுகள் கால் வைக்க இடமின்றிக் குவிந்து கிடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடல் சூடேறி முருகை வெளிறிப்போவது ஒரு காரணம் என்றால், அதன் மேல் ஏறி நின்று இளைப்பாறுபவர்களும் ஒரு காரணம். நாங்கள் இருந்த நேரத்தில் வேறு குழுக்களில் இருந்து வந்தவர்கள் அப்படி நின்றதை எங்கள் வழிகாட்டி சத்தம் போட்டுத் தடுத்தார். உடல் எரியாமலிருக்க, முருகைக்குக் கேடாகக்கூடிய வெயில் களிம்பைப் பூசுவதைவிட நீண்ட கைச்சட்டை அணிவதே அங்கு பொருத்தம்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகு, கயாக் பகுதி வேறொரு நிறுவனம் நடத்தியதுபோல் இருந்தது. நிரல்படி அது முற்பகலின் பிற்பகுதிக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதுதான் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வலுக்கும் நேரம். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையே தெரியாது, தண்ணீர் தட்டையாக, அழைப்பது போலக் கிடக்கும். ஆனால் மேலே உட்கார்ந்து ஓட்டும் இந்த பிளாஸ்டிக் கயாக்குகள் காற்றில் எளிதாக அடிபட்டுப் போகும். துடுப்பு போடாமல் இருந்தாலே அவை வெளிக்கடலை நோக்கி நகரும், திரும்பி வரும்போதுதான் எதிர்காற்றின் பலம் தோளுக்குத் தெரியும். இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லப்படவில்லை. துடுப்பைப் பிடிக்கும் முறையை ஓர் இளைஞர் அவசரமாகக் காட்டிவிட்டு ஒவ்வொரு கயாக்கையும் தள்ளிவிட்டார். உயிர்காப்பு அங்கிகள் அனைத்தும் ஒரே பெரிய அளவு. மெலிந்த மாணவிகளுக்கு அவை காதுவரை ஏறி நின்றன.

நினைத்தபடியே இரு மாணவர்கள் காற்றோடு வெகுதூரம் போய், திரும்ப முடியாமல் கையசைத்தார்கள். மீட்கப் போக வேண்டிய படகு அந்த நேரம் தீவிலிருந்து வேறு பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்ததால், அது வரும்வரை கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. யாருக்கும் எதுவும் நேரவில்லை. கேட்டபோது “இது வழமைதான்” என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில்தான் நடந்ததைவிட அதிக கவலையைத் தந்தது.

சாப்பாட்டில் குறையில்லை: சோறு, மீன்குழம்பு, சம்பல், கேட்டவர்களுக்கு மரக்கறி.

ஸ்நோர்க்கலிங்குக்கு இவர்களையே மறுபடியும் அழைப்பேன், அதுவும் அதே வழிகாட்டி வருவார் என்று உறுதி பெற்றுக்கொண்டு. கயாக்கைப் பொறுத்தவரை, திறந்த கடலுக்குப் பதிலாகக் கண்டல் மரங்கள் காற்றைத் தடுக்கும் களப்பு (கடலோர உப்புநீர் ஏரி) பக்கத்தில் ஓட்ட ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் அந்தப் பகுதியை நீக்கிக் கட்டணத்தைக் குறைக்கக் கேளுங்கள். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் என்பதால், வைகாசி முதல் ஆவணி வரையிலான விடுமுறை நாட்களுக்கே முன்பதிவு செய்யுங்கள்; கேட்கும்போது மீட்புப் படகு உங்கள் குழுவுக்கென்று கரையில் நிற்குமா என்பதற்கும் பதில் வாங்கிவிடுங்கள்.