காங்கிரஸ் நூலகத்தின் பழைய தெருப் படங்கள்: எதை எடுக்கலாம், எதில் ஏமாறுவோம்

நூறு வருஷத்துக்கு முந்தைய நியூயார்க் என்று வண்ணம் பூசி வாட்ஸப்பில் சுற்றுகிற படங்களில் பல, வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பிலிருந்து எடுத்தவைதான். சுற்றுகிற பிரதியில் எடுத்தவர் பெயர் இருக்காது, ஆண்டு கன்னாபின்னாவென்று இருக்கும், ஓரங்களை வெட்டியிருப்பார்கள். மூலத்துக்கே போனால் அதே படம் காசில்லாமல், கணக்குத் தொடங்காமல், பல மடங்கு துல்லியமாகக் கிடைக்கிறது. தேடும் பெட்டிதான் படுத்தும். அதைப் பழகிக்கொண்டால் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு ஈடு குறைவு.

தெருக்காட்சி தேடுபவர்கள் முதலில் போக வேண்டியது டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி தொகுப்புக்கு. அஞ்சலட்டை அச்சடித்து விற்ற நிறுவனம் அது. 1924இல் கடனில் மூழ்கியது. அதன் கண்ணாடி நெகட்டிவ்கள் 25,000க்கு மேல் இங்கே இருக்கின்றன. பல 8க்கு 10 அங்குல அளவு. அவ்வளவு பெரிய தகட்டில் பிடித்ததால், பெரிதாக்கப் பெரிதாக்கக் கடைப் பலகையின் எழுத்து, சன்னலில் ஒட்டிய சுவரொட்டி, நடைபாதை ஓரத்துக் குப்பை வரை தெரியும். ஒளி உள்ளே போக நேரம் பிடித்த காலம் என்பதால் நின்றவர்கள் கூர்மையாகவும் நடந்தவர்கள் புகைபோலவும் விழுந்திருப்பார்கள். சில படங்களில் குதிரையின் உடம்பு தெளிவாக இருக்கும், தலையும் வாலும் மட்டும் கலங்கியிருக்கும். இது ஸ்கேன் கோளாறு இல்லை; மென்பொருளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

வண்ணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1900 வாக்கில் எடுத்த மல்பெரி தெரு படத்தைப் பார்த்திருப்பீர்கள்: தெரு அடைத்துக் கூட்டம், காய்கறித் தள்ளுவண்டிகள், கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்கள். அது வண்ணப் புகைப்படம் அல்ல, போட்டோகுரோம். கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து, ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று அச்சுக்கற்கள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தது. எந்தச் சட்டைக்கு எந்த நிறம் என்பது அச்சகத்தின் முடிவு. முழு அளவில் திறந்து ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் முகம் கலைந்து மணல் மணலான புள்ளிகள் தெரியும். நுணுக்கம் வேண்டுமென்றால் கண்ணாடி நெகட்டிவ், சுவரில் மாட்ட அழகு வேண்டுமென்றால் போட்டோகுரோம். நிறத்தை வைத்து அந்தக் கால உடையைப் பற்றிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

அன்றாட வாழ்க்கைக்கு, விவசாயப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அமெரிக்க அரசுத் துறையின் எஃப்எஸ்ஏ தொகுப்புதான் சுரங்கம். 1935 முதல் 1944 வரை அரசுச் சம்பளத்தில் டோரதியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ரஸ்ஸல் லீ, கார்டன் பார்க்ஸ் போன்றவர்கள் எடுத்தவை. ஏறக்குறைய 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ், 1,600 வண்ணப் படம். இந்த வண்ணம் நிஜ வண்ணம். நாவிதர் கடை, மளிகைக் கடை, பேருந்து நிலையம், பள்ளிக்கூடச் சாப்பாடு என்று எல்லாம் உண்டு. மாதம், ஊர் விவரத்தோடு. சில படங்களின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். புகைப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று கழித்த நெகட்டிவில் போட்ட ஓட்டை அது.

இங்கே தவறவிடக் கூடாத வசதி ஒன்று: படத்தின் விவரப் பதிவில், அழைப்பெண் (நூலகம் படத்துக்குக் கொடுத்த அடுக்கு எண்) வரிசையில் பக்கத்துப் படங்களைக் காட்டும் இணைப்பு. அதே மூலையில், அதே நேரத்தில் எடுத்த முன்பின் படங்கள் வரிசையாக வரும். தலைப்பே இல்லாத படங்களும் அதில் அகப்படும். அவற்றுக்கு 'இதோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்று பக்கத்துப் படத்தின் தலைப்பைக் கடன் வாங்கி வைத்திருப்பார்கள். நல்ல படங்கள் பலவும் இந்தக் கூட்டத்தில்தான்.

தேடலுக்கு வருவோம். நூலகம் தனக்கென ஒரு சொல்லகராதி வைத்திருக்கிறது. டிராம் என்று அடித்தால் பெரும்பகுதி தப்பிப்போகும். அங்கே அதற்கு 'ஸ்ட்ரீட் ரெயில்ரோட்ஸ்' என்று பெயர். தெரு வியாபாரிக்கு 'பெட்லர்ஸ்', வண்டிக்கு 'கார்ட்ஸ் அண்ட் வேகன்ஸ்'. சுலபமான வழி, பொருத்தமான ஒரு படத்தைப் பிடித்து, அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கி அங்கிருந்து நகர்வது.

பதிவைப் படிப்பதில் மூன்று விஷயம். ஆண்டுக்கு முன்னால் வெறும் 'சி' என்ற எழுத்து இருந்தால் அது காப்புரிமை பதிவான ஆண்டு, படம் அதற்கு முன்பே எடுத்ததாக இருக்கலாம். 'சிஏ' என்றிருந்தால் உத்தேசம். இரண்டையும் குழப்பித்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. தலைப்பு சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது நூலக ஊழியர் வைத்தது, எடுத்தவர் எழுதியது அல்ல. மூன்றாவது, பிரதி எண், அதாவது நகலை அடையாளம் காட்டும் எண். 'எல்சி-டிக்' என்று தொடங்கினால் ஸ்கேன் பெரும்பாலும் மூலத்திலிருந்து நேரடியாக எடுத்தது. 'எல்சி-யுஎஸ்இசட்62' மட்டுமே இருந்தால் அச்சுப் படத்தை மறுபடி பிலிமில் பிடித்து, அந்தப் பிலிமிலிருந்து வந்த உருவம். நிழல்கள் அடைபட்டிருக்கும், பெரிதாக அச்சிட லாயக்கில்லை.

பதிவிறக்கத்தில் ஜேபெக் இரண்டு மூன்று அளவில் தருகிறார்கள், கூடவே டிஃப் என்ற தரம் குறையாத பெரிய கோப்பு. 1024 பிக்சல் அகல ஜேபெக்கை அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் அச்சிட்டால் மூன்றரை அங்குலம்கூட வராது. சுவரில் மாட்ட டிஃப்தான். கண்ணாடித் தகடுகளின் டிஃப் சில நேரம் 100 எம்பியைத் தாண்டும், கைப்பேசியில் திறக்க முயன்று பயனில்லை. திறந்ததும் முதலில் தகட்டின் கறுப்பு ஓரத்தை வெட்டுங்கள், பிறகு ஒளி அளவைச் சரிசெய்யுங்கள். மாற்றிச் செய்தால் மென்பொருள் அந்த ஓரத்தையே கறுப்பாகக் கணக்கிட்டு, படத்தை வெளிறியபடியே விட்டுவிடும். இடவலம் மாறிய ஸ்கேன்களும் உண்டு. கடைப் பலகை இருந்தால் சட்டென்று தெரியும். இல்லையென்றால் ஆண்களின் கோட்டைப் பாருங்கள், பொத்தான் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

உரிமை வரியில் 'வெளியிடத் தடை ஏதும் அறியப்படவில்லை' என்று இருப்பதை நூலகத்தின் அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பொறுப்பு நம்முடையது. எஃப்எஸ்ஏ படங்கள் அரசு ஊழியர் எடுத்தவை, காப்புரிமைத் தொல்லை கிடையாது. ஆனாலும் அடையாளம் தெரிகிற முகத்தை விளம்பரத்தில் போடுவது வேறு சிக்கல். நன்றி போடும்போது தொகுப்பின் பெயரோடு பிரதி எண்ணையும் சேர்த்தால் அடுத்தவர் மூலத்துக்கு வந்து சேரலாம். உரிமை தீராத படங்களுக்கு நூலக வளாகத்துக்கு வெளியே கட்டைவிரல் அளவுச் சிறுபடம்தான் காட்டுவார்கள். சொடுக்கிக்கொண்டே இருந்தாலும் பெரிதாகாது.