கொழும்புச் சங்கமா, பக்கத்து நூலகமா: வன்னி நூலகர் எதை முதலில் பிடிப்பது?

பிரதேச சபை நூலகத்திலோ பாடசாலை நூலகத்திலோ நியமனம் நிரந்தரமான பிறகு, இந்தத் தொழிலில் மேலே போவது எப்படி என்று யோசிப்பவருக்கு வன்னியில் நடைமுறையில் இரண்டு வழிதான். ஒன்று, இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவும் அங்கத்துவமும். மற்றது, சுற்றியுள்ள ஐந்தாறு நூலகங்களின் ஆட்களைச் சேர்த்து ஒரு வட்டம் அமைத்து, அதற்குள் வேலை பழகுவது. இணையத்தில் இலவசப் பாடங்களும் உண்டு. வெப்ஜங்ஷன் போன்றவை தரமானவைதான், ஆனால் அமெரிக்கப் பொதுநூலகத்தை மனதில் வைத்து ஆங்கிலத்தில் செய்தவை. நேரம் கிடைத்தால் பார்க்கலாம்.

நான் தெரிந்தெடுத்தது வட்டத்தை. ஆனாலும் டிப்ளோமாவைக் குறைத்துச் சொல்ல முடியாது. சங்கம் 1960 இல் தொடங்கியது, 1974 இல் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அதன் சான்றிதழுக்கு நாடு முழுவதும் பெயர் இருக்கிறது. பதவி உயர்வுக் கோவையில் வைக்க ஒரு தாள் வேண்டும் என்றால் வட்டம் அதைத் தராது. பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எந்தத் தகைமை எந்தத் தரத்துக்கு ஏற்கப்படும் என்பதைத் தாபனக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் படித்துவிட்டுப் பிறகு சம்பளப் படியில் இடறுவது நடக்கிற கதை. பாடசாலைக்கும் பிரதேச சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேவைப்படும் தாள் ஒன்றல்ல.

செலவும் தூரமும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வார இறுதி வகுப்பு என்றால் பாடசாலைக்காரர் சமாளிப்பார். பொதுநூலகத்தில் சனி, ஞாயிறுதான் வாசகர் கூட்டம். அந்த நாளில் இருவரில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் சாப்பிடக்கூட எழும்ப முடியாது. எந்த ஊரில், எந்த மொழியில் வகுப்பு என்பதைச் சேருமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என் கணக்கில் இவையெல்லாம் இரண்டாம் பட்சம். தீர்மானிப்பது ஒன்றுதான்: மேசையில் ஒரு தமிழ்ப் புத்தகம் சிக்கலாகும்போது யாரைக் கேட்கலாம், எவ்வளவு கெதியில் பதில் வரும்.

புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் தூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதை 894.8113. ஈழத்துச் சிறுகதைத் தொகுதியும் தமிழ்நாட்டு நாவலும் மொழிபெயர்ப்பல்லாத எல்லாமும் அந்த ஒரே எண்ணில் போய் விழும். கிராம நூலகத்தில் கூட அந்தத் தட்டு இரண்டு அலுமாரி நீளத்துக்கு வந்துவிடுகிறது. ஈழத்து எழுத்தைப் பிரித்து வைக்கலாமா? வைத்தால் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்துப் போடுவதா, முதுகில் நிற நாடா ஒட்டுவதா? சிங்கள இலக்கியம் 891.48 இல் இருப்பதால் கொழும்பில் பாடம் சொல்பவருக்கு இந்த நெரிசல் கையில் படுவதில்லை. பக்கத்து ஊர் நூலகருக்குப் படும்.

ஆசிரியர் பெயர்ப் பதிவு அதைவிடக் கரைச்சல். ‘சிவத்தம்பி, கா.’ என்று ஒரு அட்டை, ‘கார்த்திகேசு சிவத்தம்பி’ என்று இன்னொன்று, ஆங்கிலத்தில் மூன்றாவது. தேடுபவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் அகப்படும். செங்கை ஆழியானின் நாவல்களும் க. குணராசாவின் புவியியல் நூல்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை. இரண்டையும் ஒரு பெயரின் கீழ் கொண்டுவருவதா, தனித்தனியாக விட்டு ‘மேலும் பார்க்க’ குறிப்புப் போடுவதா? இரண்டாவதே நல்லது என்பேன், நாவல் வாசிப்பவர் குணராசா என்று தேடமாட்டார். எதைச் செய்தாலும் ஐந்து நூலகமும் ஒரே மாதிரிச் செய்தால்தான் பிறகு பட்டியல்களை ஒன்றாக்கலாம்.

அடுத்தது பாமினி. பழைய புத்தகப் பட்டியல் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் எக்செலில் கிடக்கிறது. அதை யுனிகோடாக்காமல் கோஹா என்ற நூலக மென்பொருளுக்குள் ஏற்றினால் தேடலே வேலை செய்யாது. எழுத்துரு மாற்றியில் முழுத் தாளையும் அள்ளிப் போடக் கூடாது, ஏனென்றால் பாமினிக்கு ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே விசை: ஆங்கிலத் தலைப்பெல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். முதலில் தமிழ் வரிகளையும் ஆங்கில வரிகளையும் இரண்டு தாளாகப் பிரியுங்கள். தமிழ்த் தாளை மட்டும் மாற்றுங்கள். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தெரியுங்கள். சாதாரண சிஎஸ்வி தமிழ் முழுவதையும் கேள்விக்குறியாக்கிவிடும். ஐம்பது வரியை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம். இதை ஏற்கெனவே செய்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடுவார்.

வட்டம் கூட மாங்குளம் வசதி. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம் என்பதால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று பக்கத்தாரும் வந்து பொழுதுபடுவதற்குள் திரும்பலாம். மன்னார்க்காரருக்குத்தான் சுற்று. அவர்களுக்காக இடையில் ஒரு கூட்டத்தை வவுனியாவில் வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொருவரும் எண் போட முடியாமல் ஒதுக்கிவைத்த புத்தகங்களில் ஐந்தைக் கொண்டுவர வேண்டும். அதுதான் நிகழ்ச்சிநிரல். பேச்சாளர், பொன்னாடை எதுவும் வேண்டாம். சபைச் செயலாளரிடம் கடமை லீவுக்கு முதலே கடிதம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொந்த லீவு கரையும், மூன்றாம் கூட்டத்துக்கு ஆள் வராது.

வாட்ஸ்அப் குழு கேள்வி கேட்க மட்டும். அட்டைப் படம், தலைப்புப் பக்கம், உள்ளடக்கப் பக்கம் மூன்றையும் படம் பிடித்துப் போட்டால் பத்து நிமிடத்தில் ஒருவர் எண் சொல்வார். ஆனால் அந்தப் பதில் அடுத்த கிழமை பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். ஆகவே முடிவானதை அன்றே ஒரு பொதுக் கூகுள் தாளில் எழுத வேண்டும்: தலைப்பு, ஆசிரியர் பதிவு, எண், காரணம், திகதி. காரணம் என்ற பத்தியை விட்டால் புதிதாக வருபவர் அதே விவாதத்தைத் திரும்பத் தொடங்குவார்.

இடமாற்றம்தான் வட்டத்தின் எமன். நடத்துபவர் மாற்றலாகிப் போனால் குழு மூன்று மாதத்தில் அடங்கிவிடும். இரண்டு மாவட்டங்களிலிருந்து இரண்டு நிர்வாகிகள் இருக்க வேண்டும், கூகுள் தாள் ஒருவரின் சொந்தக் கணக்கில் இல்லாமல் வட்டத்துக்கென்று திறந்த கணக்கில் இருக்க வேண்டும்.

வெளித்தொடர்பும் வட்டம் வழியாகவே இலகு. கோவில் மலர், பாடசாலை மலர், உள்ளூர் நினைவிதழ் போன்றவை 2009 க்கு முந்தையவை கிடைத்தால், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் எண்ணிமப்படுத்தக் கொடுக்கலாம். தனியாகப் போனால் ஒரு மலர், வட்டமாகப் போனால் ஒரு பெட்டி. வவுனியாப் பல்கலைக்கழக நூலகத்திடமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களின் நூலகத்திடமும் பயிற்சிக்குக் கேட்கும்போதும் ஆறு நூலகம் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு மதிப்பு வேறு.

டிப்ளோமாவை முதலில் வைக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள்: முப்பது வயதுக்குள் இருந்து பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொழும்புக்கோ மாற நினைப்பவர், ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர், அடுத்த தரத்துக்குத் தாள் ஒன்றே குறை என்று எழுத்தில் பதில் கிடைத்தவர். அவர்களும் பாடத்துக்கான செய்முறைப் பதிவுகளை வட்டத்தில் காட்டித் திருத்திக்கொண்டால் சோதனைக்கு முன்பே பாதி பிழை போய்விடும்.