பினாங்கு மக்கள் தொகையும் என் தகவற்சட்டமும்

போன வருடம் அண்ணன் மகன் பள்ளித் திரட்டேட்டுக்கு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தைப் பற்றி எழுதிக்கொண்டு போனான். ஆசிரியர் மக்கள் தொகை எண்ணைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சித்தப்பா, விக்கியில இதை நீங்கதானே எழுதுனீங்க?" என்றான். ஆமாம், நானேதான். 2010 கணக்கெடுப்பு எண்ணைக் கையால் தட்டி வைத்தேன், அப்புறம் மறந்தே போனேன். 2020 கணக்கெடுப்பில் மாநிலம் 1.74 மில்லியனைத் தொட்டுவிட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் ஓரத்தில் நிற்கும் பெட்டியைத் தகவற்சட்டம் என்போம். அதைக் கட்டுரையிலேயே எழுதி நிரப்பலாம். இல்லையென்றால் 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு என்ற பொதுத் தரவுக் கிடங்கிலிருந்து எல்லா மொழிக்காரர்களும் எடுப்பதுபோல் எடுக்கலாம். பெரும்பாலும், கட்டுரையில் எழுதியிருந்தால் அதுதான் தெரியும். காலியாக இருந்தால் மட்டும் மையத் தரவு வரும். என் பழைய எண் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு புது எண்ணை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

பட்ட சூட்டில், கைவசம் இருந்த கட்டுரைகளில் நான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு மையத்துக்கு மாறினேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பெட்டியின் நடுவே ஓர் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் பல்லிளிக்கும். விக்கித்தரவுக்குப் போய் 'ஆயர் ஈத்தாம்' என்று ஒருமுறை தமிழ்ப் பெயர் சேர்த்தால் போதும், அந்த ஊர் வரும் பெட்டியெல்லாம் தமிழாகிவிடும். ஆனால் பினாங்கின் தலைநகருக்கு நாம் சொல்லும் ஜோர்ஜ் டவுனா, சென்னைக்காரர்கள் எழுதும் ஜார்ஜ் டவுனா? மையத்தில் முதன்மைப் பெயர் ஒன்றுதான். மற்றது மாற்றுப்பெயராக ஒதுங்கிக்கொள்ள வேண்டும், பெட்டியில் தலைகாட்டாது. (ஜனவரி சனவரி ஆகும் சண்டை வேறு, அதற்குள் நான் போகவில்லை.)

ஒரு நாள் யாரோ ஒரு புண்ணியவான் மையத்தில் ஓர் எண்ணை மாற்றிவிட்டார். தமிழ்ப் பக்கத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு தடயமும் இல்லை, ஏனென்றால் தொகுப்பு நடந்த இடம் வேறு. நாம் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் விக்கித்தரவு மாற்றங்களையும் காட்டச் சொல்லும் விருப்பத்தேர்வு ஒன்று இருக்கிறது. அன்றுதான் அதைப் போட்டேன். முன்பே போட்டிருக்கலாம்.

நான் விட்டுக்கொடுக்காதது ஆட்களின் பெயரும் பள்ளிகளும். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பெயரில் உள்ள 'வீ' அப்பா வீராசாமி. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயருக்கு விக்கித்தரவில் தனிப் பண்பே (தகவல் கட்டமே) இருந்தும், வேற்று நாட்டுத் தொகுப்பாளர்கள் நம்மவர்களின் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இங்கே வங்கிப் படிவம் நிரப்பியவர்களுக்கு இந்த எரிச்சல் பழகியிருக்கும்.

பள்ளிக் கதை இன்னும் ஆழம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல, தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பலகைக் கட்டடத்தில் தொடங்கி, தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தவை. நான் பயன்படுத்திய பொதுப் பெட்டியில் தொடக்க ஆண்டு, முகவரி, இணையதளம் எல்லாம் உண்டு. 'எந்தத் தோட்டம்' என்று கேட்க வரி இல்லை. அங்கே படித்தவர் முதலில் தேடுவது அதைத்தான். எனவே பள்ளிக் கட்டுரைகளில் பழையபடி உள்ளூர்ப் பெட்டிக்கே திரும்பி, தோட்டத்தின் பெயரைக் கையால் எழுதுகிறேன். தோட்டப் பெயர் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறாதே.

மக்கள் தொகை வரியை மட்டும் இப்போது எங்கும் காலியாகவே விடுகிறேன். அண்ணன் மகன் திருத்திய திரட்டேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 2020 என்று ஆண்டையும் எழுதிக் கொடுத்தான். அதை நான் சொல்லித்தரவில்லை.