38,500 ரூபாயும் 25 தொலைபேசி எண்களும்: தொழில் அறிமுகக் கூட்டத்தில் சேரும் முன் இதைப் படியுங்கள்

இரவு ஒன்பதரை மணிக்கு இதை எழுதுகிறேன். தொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கு ஒருவர் வேலை பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிக் கூட்டம் நடத்துகிறவர்கள், இன்று மாலை நான்கு மணிக்குத் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்குவதற்கு முன் ஒரே ஒரு வரி அனுப்பினார்கள்: "கட்டணம் எந்தச் சூழ்நிலையிலும் திருப்பித் தரப்படாது." மூன்று மாதம் நான் கேட்டதற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வரிதான் பதில்.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சொந்தமாகத் தொழில் செய்கிற எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், தையல்காரர், சமையல் ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்குப் போனது 38,500 ரூபாய். ஏசி குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் பழைய வேக்குவம் பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சீட்டுப் போட்டு எடுத்த பணம் அது.

நான் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன். தனியாகத் தொழில் தொடங்கி 12 வருடம் ஆகிறது. விளம்பரம் என்று நான் செய்வது ஒன்றுதான்: வேலை முடிந்ததும் ஸ்டெபிலைசரின் ஓரத்தில் என் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வருவேன். மற்றதெல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் வருவதுதான். எங்கள் பக்கம் கடல் காற்று. காசிமேட்டில் மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தால், அலுமினியத் தகடுகள் உப்பு அரித்து விரல் பட்டாலே பொடியாக உதிரும். ஒரு மாடியில் உட்கார்ந்து அதைக் கழுவிக்கொண்டிருந்தால் போதும், பக்கத்து மாடியில் துணி காயவைக்க வந்தவர் எட்டிப் பார்த்து, "எங்கள் வீட்டிலும் சத்தம் வருகிறது, வந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்பார். இப்படி ஒரே தெருவில் ஐந்து வீடு எனக்கு வந்திருக்கிறது.

கல்மண்டபத்தில் ஒரு அம்மா இருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் அவர் வீட்டு ஏசி குளிரவில்லை. அதற்கு முன் வந்த மெக்கானிக் கேஸ் தீர்ந்துவிட்டது என்று 3,000 ரூபாய் கேட்டிருக்கிறான். ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அந்த வீட்டில் ஒழுக்கும் இல்லை. ஃபில்டரில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி அடைத்திருந்தது. கழுவி மாட்டி 450 ரூபாய் வாங்கினேன். அந்த அம்மா ஒரே வருடத்தில் பதினோரு வீட்டுக்கு என்னை அனுப்பினார். கோயிலில், ரேஷன் கடையில், பேத்தியின் பள்ளி வாசலில், எங்கே பேச்சு வந்தாலும் என் நம்பரைக் கொடுத்துவிடுவார். அவரை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தை மாதம் எங்களுக்கு வேலை குறைவு. அப்போதுதான் இன்னொரு பழைய வாடிக்கையாளர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூப்பிட்டார். "தம்பி, நமக்குத் தெரிந்த பையன்தான். தொழில் செய்கிறவர்களை ஒன்று சேர்க்கிறான். வாரம் ஒரு நாள் கூடுகிறார்கள், ஒருவருக்கு ஒருவர் வேலை பிடித்துக் கொடுக்கிறார்கள். போய்ப் பார்." வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

பெரம்பூரில் ஒரு ஓட்டல் மாடி. புதன்கிழமை காலை ஏழு மணி. இட்லி, பொங்கல், வடை. நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து நாற்பது விநாடிக்குள் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் அந்தக் கேஸ் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். 12 வருடத்தில் என் வேலைக்கு யாரும் கைதட்டியதில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் விழுந்த இடம் அதுதான்.

முழுதாக விழவைத்தது இன்னொன்று. கூட்டம் முடிந்ததும் நான் அப்படியே வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் கருவிப் பையையும் கொண்டுபோயிருந்தேன். ஸ்பேனர், கேஜ், குழாய் என்று பதினான்கு கிலோவாவது இருக்கும். கூட்டத்தை நடத்தும் அந்த அமைப்பாளர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, "கொடுங்கள் அண்ணா" என்று அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்தான். சட்டையில் கிரீஸ் கறை பட்டது. பட்டால் படட்டும் என்று சிரித்தான். வண்டியில் பையை வைத்துக் கட்டியும் கொடுத்தான். "ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான் அண்ணா. ஏசிக்கு நீங்கள் என்றால் நீங்கள் மட்டும்தான். வெயில் தொடங்குவதற்குள் இருபது வேலை உறுதி." வண்டியில் சாய்ந்தபடியே செல்போனில் 38,500 ரூபாய் அனுப்பினேன். ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து என்றான். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றான். வந்தது. அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. உறுப்பினர் கட்டணம் என்றும் இல்லை, "பயிற்சிக் கட்டணம்" என்று இருந்தது. அன்றைக்கு நான் தொகையை மட்டும்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் 25 பேரின் பெயரும் நம்பரும் எழுத வேண்டுமாம். "உங்கள் தொழிலின் தரத்தை நாங்கள் தெரிந்துகொள்ளத்தான்." எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே கல்மண்டபம் அம்மா.

பதின்மூன்று புதன்கிழமை போனேன். சிற்றுண்டிக்கு வாரம் 350 ரூபாய், அது இந்த 38,500 ரூபாயில் சேராது. எனக்கு வந்த வேலை எத்தனை என்று கேளுங்கள். நான்கு. ஒன்று பூட்டிய வீடு. ஒன்று தவறான நம்பர். மூன்றாவது, காப்பீடு விற்பவர் ஏசி பார்க்கக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு எனக்கே பாலிசி விற்கப் பார்த்தார். நான்காவது உண்மையான வேலை. முடித்ததும், "நாமெல்லாம் ஒரே குழு அல்லவா" என்று பாதிப் பணம் கொடுத்தார். வாரா வாரம் ஆளுக்கு ஒரு சீட்டில், குழுவில் இன்னொருவருக்கு வேலை தரக்கூடியவர் பெயரை எழுதிப் போட வேண்டும் என்பதால் எல்லாரும் வாய்க்கு வந்த பெயரை எழுதிப் போடுகிறார்கள். நானும் போட்டேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் தெரிந்தது, வியாழக்கிழமை வேறொரு ஓட்டலில் இதே அமைப்பாளர் இன்னொரு கூட்டம் நடத்துகிறான். அங்கேயும் "ஏசிக்கு ஒரே ஆள்" ஒருவர் இருக்கிறார்.

பணத்தைக் கேட்டேன். முதல் வாரம், "அண்ணா, கூட்டத்தில் இருக்கிறேன், பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்." அந்தப் பத்து நிமிடம் இன்னும் முடியவில்லை. இரண்டாவது வாரம், முடிவெடுப்பது தலைமை அலுவலகம் என்றார்கள். அது எங்கே என்று கேட்டால் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அவர்கள் அலுவலக அறைக்கு நேரில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், கோரிக்கையை எழுதிக் கொடுங்கள், 15 வேலை நாள் ஆகும் என்றாள். பாவம், அவளுக்கும் சம்பளம் வருகிறதோ என்னவோ. 15 நாள் கழித்துப் போனால் அறை பூட்டியிருந்தது. போனில் பிடித்தபோது கடைசியாக அந்த வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னது: "நீங்கள் போதுமான முயற்சி எடுக்கவில்லை அண்ணா. மனப்பான்மை மாற வேண்டும்." நாற்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறவனிடம் இதைச் சொன்னான்.

38,500 ரூபாயைக்கூட நான் இரண்டு சீசனில் எடுத்துவிடுவேன். எடுக்க முடியாதது வேறொன்று. போன வாரம் கல்மண்டபம் அம்மா வீட்டுக்குப் போனேன். வழக்கமாகச் சித்திரையிலேயே சர்வீஸுக்குக் கூப்பிட்டுவிடுவார், இந்த முறை கூப்பிடவில்லை. கதவைத் திறந்தவர் உட்காரச் சொல்லவில்லை. "என் நம்பரை விற்றுவிட்டாயா தம்பி?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லி ஒருவன் நிலம் விற்கப் பேசியிருக்கிறான், இன்னொருவன் கடன் தருகிறேன் என்று தினமும் கூப்பிட்டிருக்கிறான். "உங்கள் ஏசி மெக்கானிக் சொன்னார்" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்களாம். விற்கவில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். நான் விற்கக்கூட இல்லையே, 38,500 ரூபாய் கொடுத்து அல்லவா அவர் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். கூடத்துச் சுவரில் ஸ்டெபிலைசர் தெரிந்தது. என் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார். பசைத் தடம் மட்டும் இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணும் ஆங்கில எழுத்துமாக 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33 என்று தொடங்கும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று காட்டும். ரசீதில் எதற்கான பணம் என்று எழுதியிருப்பதை அங்கேயே நின்று படியுங்கள். வாடிக்கையாளர் நம்பரை எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நானும் இன்று புகார் பதிந்தேன். தொழிலுக்காகக் கட்டிய பணம் என்பதால் நுகர்வோர் வழக்கு நிற்காது என்று அந்த அமைப்பாளர் மிரட்டினான். பாரிமுனையில் வழக்கறிஞராக இருக்கும் என் வாடிக்கையாளரைக் கேட்டேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று வாதாட இடம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரை வழக்குக் கட்டணமும் இல்லை என்றார். போடப் போகிறேன்.

என் பெயரைச் சொல்லி யாராவது நிலம், கடன், காப்பீடு என்று பேசினால் அது நான் அனுப்பிய ஆள் இல்லை. அந்த 25 பேரில் பதினாறு பேரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். துறைமுகத்துக்காரர் என்னைவிட அதிகமாக அழுதார். இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நாளை காலை திருவொற்றியூர் தேரடியிலிருந்து தொடங்குகிறேன்.