டாம்கேட்டின் பொது லிப் அடைவு: இரு செயலிகளுக்கு ஒரே ஸ்டாட்டிக் தரவு

ஒரே டாம்கேட் சர்வரில் ஓடும் எங்கள் இரண்டு ஜாவா வலைச் செயலிகளும் ஒரே விலைப்பட்டியலைத் தனித்தனியே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டிருந்ததைத் தவிர்க்க, டாம்கேட் 9 தரும் பகிர்வு வசதியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஸ்டாட்டிக் மாறி (கிளாஸுக்கே உரிய பொது மாறி) ஜேவிஎம், அதாவது ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரம், முழுவதற்கும் ஒன்றே என்றுதான் பலரும் எண்ணுகிறோம்; உண்மையில் அது கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் கிளாஸ் லோடருக்கு ஒன்று என்பதால், செயலிதோறும் தனி லோடர் தரும் டாம்கேட்டில் ஒரே கிளாஸுக்கு இரண்டு பிரதிகள் உருவாகிவிடுகின்றன.

விலைப்பட்டியலை ஸ்டாட்டிக் மேப்பில் (பெயர்-மதிப்பு அட்டவணை) வைத்திருக்கும் கிளாஸ் அடங்கிய ஜாரை (கிளாஸ்களின் தொகுப்புக் கோப்பு) டாம்கேட்டின் லிப் அடைவிலோ, கேட்டலினா.ப்ராப்பர்ட்டீஸ் என்ற அமைவுக் கோப்பின் ஷேர்டு.லோடர் வரியில் (இயல்பாக அது காலியாகவே இருக்கும்) குறிப்பிடும் அடைவிலோ வைத்து, செயலிகளிலிருந்து அதை நீக்கினால் போதும். நானோ அதே ஜாரை ஒரு செயலியின் சொந்த ஜார்கள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப் அடைவிலிருந்து நீக்க மறந்துவிட்டேன். செயலி தன் சொந்தப் பிரதியையே முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு திரையில் புதிய விலையும் மறுதிரையில் பழைய விலையுமாக ஒரு பிற்பகல் முழுதும் வீணாயிற்று.

நினைவகம் மிச்சமானது உண்மையே. ஆனால் ஜாரை மாற்றினால் சர்வரையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். அந்தப் பொது மேப்பில் செயலியின் சொந்த கிளாஸ் ஆப்ஜெக்டை வைத்துவிட்டால், அச்செயலியை அகற்றிய பின்பும் அதன் லோடர் நினைவகத்தை விட்டு நகராது. ஆகவே ஸ்ட்ரிங், இன்டிஜர் போன்ற, ஜாவாவுடனேயே வரும் வகைகளை மட்டுமே அதில் வைக்கிறேன். இரண்டாவது சர்வர் சேரும்போது இவ்வசதி உதவாது. அங்கே பல சர்வர்களும் பகிரக்கூடிய தனித் தரவுச் சேமிப்பான ரெடிஸ் போன்ற ஒன்றே பொருந்தும்.