என் கடை மேசையில் இருக்கும் கடல் மீட்பு உண்டியல்

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கரைப் பொடியன்மார் சம்பளமில்லாமல் ஓட்டும் மீட்புப் படகுக்கான உண்டியல் என் மேசையில்தான் இருக்கிறது. அவர்கள் காசு சேர்க்கும் விதம் எப்படி என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் இரண்டு பேர் வந்து, கடையில் நிற்கிற யாரையாவது சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் பூட்டைத் திறப்பார்கள். தாள்களில் மீன் செதில் ஒட்டியிருக்கும். ஈரமான நூறு ரூபாய்த் தாளை விரித்து, மேலே படிக்கல்லை வைத்துக் காயவிட்டு எண்ணுவார்கள். எண்ணி முடிந்ததும் கையோடு பற்றுச்சீட்டு. அடுத்த நாள் மீன் ஏலம் போடுகிற இடத்துச் சுவரில் வரவு செலவு ஒட்டியிருக்கும்: மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், கயிறு, டோர்ச் பற்றரி. ஒரு பிளக் மாற்றினாலும் அதில் இருக்கும். ஏலக் காசோடு கடைக்கு வருகிறவர்கள், "அக்கா, மிச்சம் வேணாம், உண்டியலுக்குள்ள போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது அந்தத் தாளைப் பார்த்த நம்பிக்கையில்தான்.

காசு பெரும்பாலும் எரிபொருளுக்குப் போகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறியது எங்கள் கரைக்கு விழுந்த பெரிய அடி. மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குள் பாய்கிற வேகமும், எதிரே வருகிற அலையும் மோதும். தோணி கவிழ்ந்தால் அந்த நேரத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு கடனுக்கு எண்ணெய் தேட முடியுமா? டாங்கி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுச் சொந்தங்கள் படகு வாங்கித் தரத்தான் கேட்கிறார்கள், படகின் பக்கவாட்டில் அப்பாவின் பெயர் எழுத. எண்ணெய்க்குக் கேட்டால் பதில் வராது. இங்கும் ஒரு சாவு நடந்தால் உண்டியல் நிரம்பும், அப்புறம் வற்றிவிடும். அதனால் அவர்கள் தொடங்கிய மாதம் நூறு ரூபாய்ச் சந்தாதான் எனக்கு மிகவும் பிடித்தது. மழையோ வெயிலோ, அந்தக் காசு வருகிறது.

பிடிக்காததும் உண்டு. பாலத்தடியில் வாகனத்தை மறித்துக் கேட்பதை விடச் சொல்லிவிட்டேன், அவசரத்தில் போகிறவன் எரிச்சலோடு கொடுப்பான், இல்லையென்றால் கொடுக்கவே மாட்டான். வங்கியில் போடுகிறவர்களுக்குப் பற்றுச்சீட்டு வரத் தாமதமாகிறது, அதையும் சரிசெய்ய வேண்டும்.

பெரிய குறை, எழுவான்கரையை, அதாவது வாவிக்குக் கிழக்கே இருக்கிற இந்தக் கடலோரப் பக்கத்தை, விட்டு அவர்கள் வெளியே போகாததுதான். இங்கிலாந்தில் இருக்கிற என் தம்பி அங்குள்ள மீட்புப் படகுச் சங்கத்தைப் பற்றிச் சொல்வான். 1824இல் தொடங்கிய தர்ம நிறுவனம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். 1886 டிசம்பரில் லங்காஷயர் கரையில் 'மெக்சிகோ' என்ற கப்பலுக்கு உதவப் போனவர்களில் 27 பேர் கடலில் போய்விட்டார்கள். அதுவரை சங்கத்துக்கான காசு அதிகமும் சில பணக்காரரிடம் இருந்துதான் வந்தது. சார்லஸ் மக்காரா என்ற பஞ்சாலைக்காரர் 1891இல் மான்செஸ்டர் தெருக்களில் மீட்புப் படகையே ஊர்வலமாக இழுத்துச் சென்று சனங்களிடம் கேட்டார். 5,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. மான்செஸ்டரில் கடலே இல்லை. ஆலையில் வேலை செய்கிற சனம், அலையைப் பார்க்காத சனம், அவர்கள் போட்ட காசு.

நமக்கு வாவிக்கு மேற்கே, வயல் பக்கம், படுவான்கரை இருக்கிறதே! வவுணதீவிலும் ஆயித்தியமலையிலும் சோற்றோடு சாப்பிடுகிற கடல்மீன் இந்தக் கரையில் ஏறினதுதான். பெரும்போக நெல் வெட்டிக் கையில் நாலு காசு இருக்கும்போது போய்க் கேட்டால் அந்தச் சனம் இல்லையென்று சொல்லாது. கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள், அங்கே படகை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தலாம். பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும், உயிர்காப்பு அங்கியைப் போட்டுப் பார்க்கட்டும். இதைப் பொடியன்மாரிடம் சொன்னேன். வண்டிக் கூலிதான் யோசனை என்றார்கள். லொறி வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால், ஏலம் முடிகிற நேரத்துக்குக் கரைக்கு வாருங்கள், அவர்களில் ஒருவர் நிற்பார். சந்தாப் புத்தகம் என் கடையிலும் இருக்கிறது.