ரேமண்ட் வெய்ல் மிலெசிம்: மலையக மழையில் அணிந்து பார்த்த சுவிஸ் கைக்கடிகாரம்

ஏறத்தாழ இரண்டாயிரம் சுவிஸ் பிராங்குக்குள் வாங்கக்கூடிய, கை அசைவிலேயே சாவி ஏறும் தானியங்கிக் கைக்கடிகாரங்களுள், முகப்பின் வேலைப்பாட்டுக்காக மட்டுமே ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், ரேமண்ட் வெய்ல் நிறுவனத்தின் மிலெசிம் வரிசையில் வரும் சிறிய விநாடி வட்டம் கொண்ட கடிகாரத்தையே நான் தயங்காமல் எடுப்பேன். ஆயினும் அதை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நாள்தோறும் அணியப் போகிறவருக்கு, விலையைத் தவிர வேறு சிலவற்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சூரிச்சில் வாழும் அக்கா, தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அப்பாவுக்காக இதை வாங்கி அனுப்பினார். அப்பாவும் நானும் மாறி மாறி அணிந்து வருகிறோம். ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலமும் அதன் பின் வந்த குளிர்காலமும் அதன்மேல் கடந்துவிட்டன.

முதலில் நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கடிகாரத்தின் விலையும் குணமும் அதன் வரலாற்றோடு பிணைந்தவை. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னர், மின்கலத்தில் ஓடும் மலிவான, துல்லியமான கடிகாரங்களின் முன் சுவிட்சர்லாந்தின் பழைய பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1970ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலை கொடுத்த அந்தத் தொழில், எண்பதுகளின் நடுப்பகுதியில் அதன் மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே வைத்திருந்தது. அந்தச் சரிவின் நடுவே, 1976இல், ஐம்பது வயதில், ரேமண்ட் வெய்ல் தம் பெயரிலேயே ஜெனீவாவில் நிறுவனத்தைத் தொடங்கினார். அனுபவசாலிகள் பலர் தொழிலை விட்டு விலகிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் புதிதாகக் கடை விரிப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை, தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியதையும் தொழிற்சாலைகள் பூட்டப்பட்டதையும் கண்ட நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1982இல் அவருடைய மருமகன் ஒலிவியே பேர்னேம் நிறுவனத்தில் சேர்ந்து, 1996இல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நிறுவனர் 2014இன் தொடக்கத்தில் காலமானார். அதே ஆண்டில் பேரன் எலி பேர்னேம் தலைமைக்கு வந்தார். இன்றும் அது குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் இது இப்போது அரிதாகிவிட்டது. டிசோவும் லொஞ்சினும் ஸ்வாட்ச் குழுமத்துக்குச் சொந்தமானவை; இதே விலை வட்டத்தில் ஒரு தம்பதியர் தொடங்கிய பிரெடெரிக் கொன்ஸ்டன்ட் நிறுவனம் 2016இல் ஜப்பானின் சிட்டிசன் வசமானது. கிரென்ஹென் நகரில் 1919இல் தொடங்கப்பட்ட டிட்டோனி போன்ற சில நிறுவனங்களே இன்னும் குடும்பச் சொத்தாக நிலைத்திருக்கின்றன. குடும்ப நிறுவனம் என்பதனாலேயே கடிகாரம் நன்றாக ஓடிவிடப் போவதில்லை. ஆனால் பெருங்குழுமத்தில் இருக்கும் பெயர் ஒன்று, தன் குழுமத்தின் விலைகூடிய பெயர்களுக்குக் குறுக்கே போகாத எல்லைக்குள்ளேயே வேலைப்பாட்டை நிறுத்திக்கொள்ள நேரிடும்; இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது மிலெசிமின் முகப்பைப் பார்க்கும்போது தெரிகிறது என்றே நினைக்கிறேன். நபுக்கோ, பார்சிபால், டொக்காட்டா, மாயெஸ்ட்ரோ என்று இசையுலகிலிருந்து பெயர்களை எடுத்துக் கடிகார வரிசைகளுக்குச் சூட்டுவது அவர்களின் நெடுநாள் வழக்கம். 2017இல் வந்த இயந்திரம் ஒன்றுக்கு, தலைமையகம் இருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீடான 1212 என்ற எண்ணையே பெயராக வைத்தார்கள். ஊர்ப்பற்று உள்ளவர்கள் செய்யும் காரியம் அது, எனக்குப் பிடித்திருந்தது.

இனி கடிகாரத்துக்கு வருவோம். உருக்குக் கூட்டின் விட்டம் 39.5 மில்லிமீற்றர்; பருமன் பத்து மில்லிமீற்றரைச் சற்றே தாண்டுகிறது. முகப்பு வட்டவட்டமான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1930களில் புழக்கத்தில் இருந்த இவ்வகை முகப்பைக் கடிகாரப் பிரியர்கள் செக்டர் டயல் என்பார்கள். நிமிடக் கோடுகள் வெளி வளையத்திலும் மணிக்குரிய கோடுகள் அதற்கு உள்ளேயும் இருக்கின்றன. நடுப்பகுதிக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் மெருகு வெவ்வேறாகக் கொடுத்திருப்பதால், கையைச் சற்றுத் திருப்பினால் ஒரு பகுதி ஒளிரும்போது அடுத்த பகுதி மங்கி நிற்கிறது. ஆறு மணிக்குரிய இடத்திலுள்ள விநாடி வட்டம் முகப்பைவிடச் சற்றே தாழ்ந்து அமைந்திருக்கிறது. அதன் விளிம்பில் விழும் மெல்லிய நிழலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோதும் பிசிறு எதுவும் தென்படவில்லை. மேலே இருக்கும் சஃபயர் கண்ணாடி தட்டையாக இல்லாமல் விளிம்பில் எழும்பி நிற்பதால், பக்கவாட்டில் பார்க்கையில் பழங்காலத்துக் கடிகாரத்தின் சாயல் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் கடினம் உடையதாகையால் கீறலுக்கும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. திகதிக் கட்டம் இல்லை. முகப்பின் சமச்சீரைக் கெடுக்கும் அந்தச் சிறு சன்னலைத் தவிர்த்தது சரியான முடிவு. இந்தக் கடிகாரத்துக்கு 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த கடிகாரக் கலைப் பெரும்பரிசு விழாவில், விலை குறைந்த கடிகாரங்களுக்கென ஒதுக்கப்பட்ட சலெஞ்ச் பிரிவின் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு தகுதியான கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்பாவின் பார்வை வேறு விதமானது. தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தை, அதாவது டூளை, பரப்பி, அது நிறம் மாறி மணம் எழும் கட்டத்தில் உலர்த்தும் அடுப்புக்கு அனுப்புவது அவருடைய வேலையாக இருந்தது. சில நிமிடம் முந்தினால் தேநீரில் பச்சை வாடை நிற்கும், பிந்தினால் சுறுசுறுப்பு போய்விடும். மூக்கும் கண்ணும் சொல்வதைக் கையில் கட்டிய கடிகாரத்தோடு ஒப்பிட்டே அவர் காலமெல்லாம் வேலை செய்தவர். ஆகவே புதிய கடிகாரத்தையும் அவர் தேநீர் மேசையில் வைத்தே சோதித்தார். கிண்ணங்களில் கொதிநீரை ஊற்றிவிட்டு, இரண்டு எட்டு தள்ளி நின்று, நிமிட முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வாசித்தார். முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொடும் அளவுக்கு நீண்டிருப்பதால் நிமிடத்தை ஊகிக்க வேண்டியதில்லை என்றார். விநாடி முள் மட்டும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை. அந்த வட்டத்தின் எழுத்துகள் உண்மையிலேயே மிகச் சிறியவை.

உள்ளே இருப்பது செலிட்டா நிறுவனத்தின் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. செலிட்டா, லா ஷோ-டெ-ஃபோன் நகரில் 1950இல் தொடங்கப்பட்ட, பல பெயர்களுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் நிறுவனம். ரேமண்ட் வெய்ல் அதைத் தன் சொந்த எண்ணிட்டு, கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் சுழலியைத் தன் பாணியில் வெட்டிப் பயன்படுத்துகிறது. பின்புறக் கண்ணாடி வழியே, நேரத்தை அளந்து முன்னும் பின்னும் ஆடும் சமநிலைச் சக்கரம் துடிப்பதைக் காணலாம். மணிக்கு 28,800 அரைத்துடிப்பு, அதாவது விநாடிக்கு எட்டு. விநாடி முள் வழுக்கிச் செல்வதுபோலத் தோன்றுவது இதனால்தான். முழுதாகச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாளைச் சற்றுத் தாண்டி ஓடும். வெள்ளி மாலையில் கழற்றி வைத்தால் ஞாயிறன்று நின்றிருக்கும். இன்றைய தரத்தில் இது குறைவுதான். டிசோ கடிகாரங்களில் உள்ள பவர்மெட்டிக் 80 என்ற இயந்திரம் இதைவிடப் பாதி விலைக்கும் குறைவாக 80 மணி நேர ஓட்டத்தைத் தருகிறது. டிட்டோனி 2019இல் அறிமுகப்படுத்திய சொந்த இயந்திரம் 72 மணி நேரம் ஓடும். சொந்தமாக இயந்திரம் செய்யாமல் வாங்கிப் பொருத்துவது குறை என்று கடிகாரப் பிரியர்கள் சிலர் சொல்வார்கள். மலையகத்தில் இருந்துகொண்டு அந்தக் கருத்தோடு என்னால் உடன்பட முடியாது.

ஹட்டனில் நெடுங்காலமாகக் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவரிடம் இதைக் காட்டினேன். பின்புறக் கண்ணாடி வழியே லூப் எனும் உருப்பெருக்கியால் பார்த்தவர், “தம்பி, இந்த ரக மெஷின் வேற பேர் போட்ட வாட்சுகள்லயும் என்கிட்ட வந்திருக்கு. பாகம் எடுக்கலாம், நேரத்தையும் கூட்டிக் குறைச்சு வைக்கலாம்” என்றார். அந்த ஒரு வாக்கியமே எனக்கு நிறுவனத்தின் விளம்பரங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்பட்டது. பவர்மெட்டிக் போன்ற இயந்திரங்களில் நேரத்தைத் திருத்தும் வழமையான நெம்பு இல்லை. தொழிற்சாலையில் ஒருமுறை அமைத்துவிடுவதால் ஊர்ப் பட்டறையில் திருத்துவது கடினம். பரவலாகப் புழங்கும் இயந்திரமோ, இருபது ஆண்டுகள் கழித்தும் பாகம் தேடக்கூடியது. எங்களுடையது நாளொன்றுக்குச் சில விநாடிகள் முந்துகிறது. அதைத் திருத்தக் கொடுக்கும் தேவை இதுவரை ஏற்படவில்லை.

வானிலைதான் இங்கே பெரிய சோதனை. 50 மீற்றர் நீர்த்தாங்குதிறன் என்பது கை கழுவும்போதும் மழையில் நனையும்போதும் போதுமானது. ஆற்றில் குளிப்பதற்கோ வெந்நீரில் நனைப்பதற்கோ அதை நம்பக் கூடாது. ஆறு கடக்கவும் கொழுந்து மலையில் நாள் முழுதும் நனையவும் இது செய்யப்படவில்லை. சாவிக் குமிழ் முழுதாக உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரப்பர் வளையங்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்விப்பதும் நம் ஊரில் தவிர்க்க முடியாதவை. இவற்றைவிட அவசரமான சங்கதி தோல் பட்டி. கன்றுத் தோல் பார்வைக்கு அழகு. ஆனால் ஆடி மாதத்தில் அலமாரியிலுள்ள சப்பாத்திலும் தோல்பையிலும் பூஞ்சணம் படரும் ஊரில், வியர்வையும் மழையும் ஏறிய பட்டி நீண்ட காலம் தாங்காது. மழைக்காலத்துக்கு நைலோன் அல்லது ரப்பர் பட்டி ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்வதே நல்லது. தோல் பட்டியைக் கல்யாணவீட்டுக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

விலையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். கட்டுப்படியாகும் ஆடம்பரம் என்று இந்த வகைக் கடிகாரங்களை விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1,900 பிராங்க் அளவில் விற்பனையான இது நம் நாணயத்தில் ஆறேழு இலட்சம் ரூபா. 2024இல் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 500 நாள் உழைப்பு. எனவே ஜெனீவாவில் இருந்து பார்க்கையில் பொருந்தும் அந்தச் சொல், நம் பெரும்பான்மை வீடுகளுக்குப் பொருந்தாது. நேரம் மட்டும் தேவையெனில், கண்டியிலோ பதுளையிலோ சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமாகவே ஓடும். வங்கியிலோ ஆசிரியத் தொழிலிலோ பல்லாண்டு சேமித்தவர், அல்லது வெளிநாட்டு உறவினர் வழியாக ஒரு பெரிய நாளுக்குப் பரிசு தேடுபவர், வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல கடிகாரம் என்ற எண்ணத்தோடு வாங்கினால், கொடுத்த பணத்துக்கான வேலை இதில் இருக்கிறது.

வாங்குவோர் கடை முத்திரையும் திகதியும் இட்ட உத்தரவாத அட்டையோடு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். சுவிஸ் தயாரிப்பு என்று முகப்பில் பொறிக்க வேண்டுமானால், 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டில் ஏற்பட்டிருக்க வேண்டும்; போலிகள் இந்தச் சொற்களையும் அப்படியே பொறித்துவிடுவதால், அட்டையும் தொடரிலக்கமும் ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியும்வரை ஊர்ப் பட்டறையில் பின்மூடியைத் திறக்கவிடாதீர்கள். அதற்குள் பழுது வந்தால் எங்கே அனுப்புவது, செலவை யார் ஏற்பது என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி ஒலிபெருக்கி, காந்தப் பூட்டு வைத்த பை ஆகியவற்றின் அருகே வைத்தால் உள்ளிருக்கும் மெல்லிய சுருள்வில் காந்தமேறி, கடிகாரம் திடீரென நிமிடக் கணக்கில் முந்தத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் பயப்பட வேண்டாம், காந்தம் நீக்கும் சிறு கருவி வைத்திருக்கும் எந்தப் பட்டறையிலும் பின்மூடியைத் திறக்காமலேயே சில நொடிகளில் சரிசெய்துவிடுவார்கள்.